தொலைந்த ஒட்டகமும் கைபேசித் தடமும்

நாட்டார் கதைகளைப் பாட்டி கதைகள் என்று ஒதுக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் அவற்றைத் தேடித் தொகுத்து, வகைப்படுத்தி, எண்ணிட்டுப் பாடத்திட்டத்தில் சேர்த்த காலம் வந்தது. தொகுத்தாயிற்று, வகைப்படுத்தியும் ஆயிற்று. அக்கதைகளைக் கொண்டு இன்றைய வாழ்வில் எதை விளங்கிக்கொள்ளலாம் என்னும் வினாவை மட்டும் தமிழ்த் துறைகள் போதிய அளவு எழுப்பவில்லை என்பதே நம் கருத்து. இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் தமிழாசிரியர்க்கு உரியதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். கைபேசியும் இணையமும் நம்மைப் பற்றி ஓயாது எழுதிவைக்கும் குறிப்புகள், அக்குறிப்புகளின் வழியே பிறர் நம்மைக் கண்காணித்தல், நம் அந்தரங்கம் காக்கப்படுதல் ஆகியன கணினித் துறைக்குரியவை என்பர். கணினித் துறையார் அவற்றை நன்கறிவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊராருக்கும் வீட்டாருக்கும் விளங்கச் சொல்லும் மொழி அவர்களிடம் இல்லை. அம்மொழி நம்மிடம் கதைகளாக இருக்கிறது.

ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'மெட்டாடேட்டா' என வழங்கும் சொல்லை 'மீதரவு' என்பார் உளர். 'மேனிலைத் தரவு' என்பாரும் உளர். தரவைப் பற்றிய தரவு என்று விளக்கமும் தருவர். இவ்விளக்கத்தைக் கேட்டு முன்னினும் தெளிவு பெற்ற மாணவர் எவரையும் நாம் கண்டதில்லை. அஞ்சல் உறையைக் காட்டினால் ஓரளவு விளங்கும். உறைக்குள் இருக்கும் மடல் செய்தி. உறையின்மேல் உள்ள அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், முத்திரையில் உள்ள நாளும் ஊரும் அச்செய்தியைப் பற்றிய குறிப்புகள். மடலைப் பிரிக்காமலே அஞ்சற்காரர் இவற்றையெல்லாம் அறிவார். ஆயினும் உறை என்றதும், "மேலே இருப்பதுதானே, போகட்டும்" என்னும் அலட்சியம் நம்முள் தோன்றிவிடுகிறது. அந்த அலட்சியத்தைப் போக்க வல்லது தொலைந்துபோன ஓர் ஒட்டகத்தின் கதை.

ஒட்டகத்தைக் காணாதவர்கள்

தமிழில் இது 'அலகேச கதை' என்னும் நான்கு அமைச்சர் கதையில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பண்டிதர் நடேச சாஸ்திரியார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். வழிநடந்து செல்லும் இளைஞர் நால்வரை ஒரு வணிகன் எதிர்கொண்டு, தன் ஒட்டகம் தொலைந்துவிட்டது, கண்டீர்களா எனக் கேட்கிறான். ஒருவன், "அதற்கு ஒரு கால் ஊனமா?" என்கிறான். அடுத்தவன், "வலக்கண் குருடா?" என்கிறான். மூன்றாமவன், "வால் குட்டையா?" என்கிறான். நான்காமவன், "அதற்கு வயிற்றுவலி உண்டல்லவா?" என்கிறான். அத்தனையும் உண்மை. அப்படியாயின் ஒட்டகம் எங்கே என்றால், நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை என்கின்றனர் நால்வரும். திருடர்கள் இவர்களே என்று வணிகன் அரசனிடம் முறையிடுகிறான்.

அரசவையில் நால்வரும் தாம் அறிந்த வகையைச் சொல்கின்றனர். ஓர் அடிச்சுவடு சரியாகப் பதியவில்லை. ஆதலின் ஒரு கால் ஊனம். வழியின் இடப்பக்கத்துத் தழைகள் மட்டுமே கடிக்கப்பட்டிருந்தன. ஆதலின் வலக்கண் தெரியாது. வழியில் சிறு சிறு குருதித் துளிகள் கிடந்தன. கொசு கடித்த இடத்தை ஓட்ட முடியாத அளவுக்கு வால் குட்டை. முன்னங்கால் சுவடு ஆழமாகவும் பின்னங்கால் சுவடு பட்டும் படாமலும் இருந்தன. வயிற்றுவலியால் உடலைச் சுருக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. அரசன் வியந்து நால்வரையும் தன் அமைச்சராக்கிக்கொள்கிறான். (தடம் பார்க்கத் தெரிந்தவரை எந்த அரசும் வெளியே விட்டுவைப்பதில்லை என்பதையும் கதை போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.)

இக்கதையின் அரபு வடிவத்தைத் தபரி (இறப்பு 923), மஸ்ஊதி (இறப்பு 956) ஆகிய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். அங்கே நால்வரும் நிஸாரின் மக்கள்: முளர், ரபீஆ, இயாத், அன்மார். தந்தையின் சொத்தைப் பங்கிடும் வழக்குக்காக நஜ்ரானில் இருந்த நடுவரை நாடிச் செல்லும் வழியில் ஒட்டகத்தின் தடத்தைப் படித்துவிடுகின்றனர். அமீர் குஸ்ரு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைப் பாரசீகத்தில் பாடினார். 1557இல் வெனிஸ் நகரில் அச்சான இத்தாலிய நூலில் இதே கதை சரந்தீப் நாட்டு இளவரசர் மூவரின் கதையாயிற்று. சரந்தீப் என்பது இலங்கைக்கு அரபியர் இட்ட பெயர் என்பதை நாம் அறிவோம். உலக நாட்டார் கதை அட்டவணையில் இதற்கு 655ஆம் எண் தந்துள்ளனர். இத்தனை மொழிகளில், இத்தனை நூற்றாண்டுகள் ஒரு கதை நடந்து வந்திருக்கிறது என்றால், அதனுள் மனிதர் மறக்க விரும்பாத அறிவு ஒன்று இருத்தல் வேண்டும். பொருளைக் காணாமலே, அது விட்டுச் சென்ற தடத்தைக் கொண்டு அப்பொருளின் அந்தரங்கம் முழுவதையும் அறியலாம் என்பதே அவ்வறிவு. வயிற்றுவலி ஒட்டகத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அதனையும் தடம் சொல்லிவிட்டது.

இனி ஒட்டகத்தின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நாம் ஒருவரைக் கைபேசியில் அழைக்கும்போது அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தொடங்கிய நேரம், நீடித்த நொடிகள், அழைப்பு எந்தக் கோபுரத்தின் வழியே சென்றது, எந்தக் கருவியிலிருந்து சென்றது (கருவி ஒவ்வொன்றுக்கும் 15 இலக்க எண் உண்டு) ஆகிய யாவும் நிறுவனத்தின் ஏட்டில் ஏறிவிடுகின்றன. இப்பதிவுகளை இரண்டாண்டுக் காலமேனும் காத்து வைத்தல் வேண்டும் என 2021 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியது. பேசிய சொற்கள் அவ்வேட்டில் இல்லை. சுவடுகள் மட்டுமே உள்ளன. கைபேசியால் எடுத்த புகைப்படத்தினுள்ளும் நாள், நேரம், கருவியின் வகை, இசைவு தந்திருந்தால் எடுத்த இடம் ஆகியன கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கும்.

இதனால் என்ன தெரிந்துவிடும் எனக் கேட்போர்க்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவோம். தாமாக முன்வந்த 800க்கும் மேற்பட்டோரின் அழைப்புக் குறிப்புகளை மட்டும் அவர்கள் ஆராய்ந்தனர்; பேச்சைக் கேட்கவில்லை. ஒருவருக்கு இதயநோய் மருத்துவரகத்திலிருந்து நீண்ட அழைப்பு. பின் மருத்துவச் சோதனைக்கூடத்துடன் பேச்சு. மருந்துக் கடையிலிருந்து குறும் அழைப்புகள். இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் ஒரு கருவியின் உதவி எண்ணுக்கு அழைப்பு. அவருக்கு இதயத்துடிப்புக் கோளாறு என ஆய்வாளர் கணித்தனர். உசாவியபோது அது மெய்யாயிற்று. ஒரு கால் ஊனம், வலக்கண் குருடு, வயிற்றுவலி என்று அடுக்கிய அதே முறைதான் இது.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. பேச்சில் பொய் கலக்கலாம். வெளியூரிலிருந்து அழைத்து விசாரிக்கும் மகனிடம், மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்துகொண்டே "நலமாக இருக்கிறேன்" என்று சொல்லும் தந்தையர் எத்தனை பேர்! அந்தச் சொல்லை ஒட்டுக்கேட்பவன் ஏமாந்துபோவான். கோபுரத்தின் குறிப்பைப் பார்ப்பவன் ஏமாறமாட்டான். ஆகவே "உங்கள் பேச்சை நாங்கள் கேட்கவில்லை; எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டோம்" என்னும் சமாதானம் நம்மை அமைதிப்படுத்தக் கூடாது. 2013 ஜூனில் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புக் குறிப்புகள் முழுவதையும் அமெரிக்க உளவு அமைப்பு நாள்தோறும் பெற்று வந்தது வெளிப்பட்டபோது, அந்நாட்டு ஆட்சியாளர் சொன்னது இச்சமாதானத்தைத்தான். அதே அமைப்பின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விவாதமேடையில், இத்தகைய குறிப்புகளை வைத்தே தாங்கள் ஆட்களைக் கொல்வதாக வெளிப்படையாகச் சொன்னார். உயிரை எடுக்கப் போதுமான சான்றாக இருப்பது வெறும் எண்களாக எங்ஙனம் ஆகும்? அவ்வாறு மொத்தமாகத் திரட்டும் முறையை அமெரிக்க நாடாளுமன்றம் 2015இல் சட்டம் இயற்றி நிறுத்தியது.

மெழுகு தடவிய மரக்கால்

அரசு மட்டுந்தான் தடம் பார்க்கிறது என எண்ணுதல் பிழை. வணிகர் பார்க்கும் தடம் அதனினும் பெரிது. இதற்கு அலிபாபா கதையை விடப் பொருத்தமான விளக்கம் நமக்குத் தெரியவில்லை. 1956இல் வந்த திரைப்படத்தால் தமிழர் அனைவரும் அறிந்த கதை அது. ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அக்கதை இல்லை. 1709இல் அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் வாய்மொழியாகச் சொல்ல, பிரெஞ்சு அறிஞர் கலான் அதனைக் கேட்டு எழுதினார். வாய்மொழிக் கதை ஏட்டுக் கதையாக மாறியமைக்கு அது நல்ல சான்று.

குகையிலிருந்து கொண்டுவந்த பொற்காசை அளக்க அலிபாபாவின் மனைவி அண்ணன் காசிம் வீட்டில் மரக்கால் இரவல் கேட்கிறாள். என்றும் இல்லாதவர்கள் எதை அளக்கப் போகிறார்கள் என்று காசிமின் மனைவிக்கு ஐயம். மறுக்கவில்லை; முகமலர்ந்து கொடுக்கிறாள்; கொடுக்கும் முன் மரக்காலின் அடியில் சிறிது மெழுகைத் தடவிவிடுகிறாள். மரக்கால் திரும்பி வந்தபோது அடியில் ஒரு பொற்காசு ஒட்டிக்கொண்டிருந்தது. அளந்த காசை யாரும் திருடவில்லை. அளந்தது காசு என்ற செய்தி மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னே நேர்ந்த அழிவுக்கெல்லாம் அந்த ஒட்டிய காசே தொடக்கம்.

விலையின்றி நம் கைக்கு வரும் செயலிகளிற் பல இத்தகைய இரவல் மரக்கால்களே. மரக்காலில் குற்றமில்லை, அளப்பதற்கு அது நன்றாகவே உதவுகிறது. மெழுகு அடியில் இருக்கிறது. நம் சமுதாயத்தார் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுவோம். தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' என்னும் செயலி உலகில் 9 கோடிக்கும் மேற்பட்ட முறை இறக்கிக்கொள்ளப்பட்டது. நேரமும் திசையும் கணிக்க இருப்பிடம் தேவை. அதனைக் கேட்பது முறையே. ஆனால் அவ்வாறு பெற்ற இருப்பிடக் குறிப்புகள் 'எக்ஸ்-மோட்' என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அத்தரகு நிறுவனத்திடம் வாங்கியோருள் அமெரிக்கப் படைத்துறையின் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' இதழ் வெளிப்படுத்தியது. படைத்துறைக்கு எதையும் விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. அத்தரகு நிறுவனத்துடனான தொடர்பையும் உடனே துண்டித்துக்கொண்டது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டிடம், மருத்துவமனை போன்ற மறைவாகக் காக்கத்தக்க இடங்களுக்கு மக்கள் சென்றுவந்த குறிப்புகளை அத்தரகு நிறுவனம் விற்பதற்குத் தடை விதித்தது. பஜ்ருக்குப் பள்ளிவாசலில் இருந்த ஒருவர், யாரென்றே அறியாத ஒரு சந்தையில் ஒரு புள்ளியாக விலைபோனார் என்பதே இதன் பொருள்.

புள்ளியில் பெயர் இல்லையே, பெயரை நீக்கிவிட்டுத்தானே விற்கின்றனர் எனலாம். இதற்கும் அதே கதையில் விடை உண்டு. காசிமின் உடலைத் தைப்பதற்கு மர்ஜியானா ஒரு செருப்புத் தைப்பவரைக் கண்ணைக் கட்டி அழைத்து வருகிறாள். வேலை முடிந்ததும் கண்ணைக் கட்டியே கொண்டுபோய் விடுகிறாள். வீட்டை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் திருடன் அவர் கண்ணை மறுபடியும் கட்டி நடக்கச் சொன்னபோது, திருப்பங்களை நினைவுகூர்ந்து நடந்து அவர் அதே வாசலில் வந்து நிற்கிறார். பெயரை மறைத்தாலும் நடை வீட்டைக் காட்டிவிடும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனைக் கணக்காகவே சொல்லிற்று. 15 இலட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தடங்களைப் பெயரின்றி ஆராய்ந்ததில், ஒருவர் எந்நேரத்தில் எங்கிருந்தார் என்பதற்கு நான்கே புள்ளிகள் கிடைத்தாலும் 100க்கு 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனித்துப் பிரித்துவிடலாம் எனக் கண்டனர். நான்கு புள்ளி என்பது பெரிய செய்தியா? வீடு, கல்லூரி, பள்ளிவாசல், மாமியார் வீடு. அவ்வளவே.

மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர்

"நமக்கு மறைக்க ஒன்றுமில்லை, பார்ப்பவன் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்பார் பலர். பெரியவர்களும் இதனைச் சொல்வதைக் கேட்கிறோம். அரபு வடிவத்தின் பிற்பகுதியை அவர்கள் நினைவுகூர வேண்டும். ஒட்டக வழக்கில் நால்வரும் குற்றமற்றவர் என விடுவித்த நஜ்ரான் நடுவர், அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்து விருந்தளிக்கிறார். ஒட்டகத்தின் தடத்தைப் படித்த கண் சும்மா இருக்குமா? உண்ட இறைச்சியிலிருந்து அந்த ஆடு எதன் பாலில் வளர்ந்தது என்பதைச் சொல்லத் தொடங்கி, விருந்தளித்தவரின் பிறப்பு வரை நால்வரும் பேசிவிடுகின்றனர். பேச்சு அவர் காதுக்கு எட்டுகிறது. அவர் தம் தாயிடம் போய்க் கேட்க, அத்தாய் வாழ்நாள் முழுதும் காத்த மறைபொருள் வெளிப்படுகிறது. அந்த நடுவர் எக்குற்றமும் செய்தவரல்லர். தம்மிடம் மறைக்க ஒன்றுமில்லை என்றே அவரும் அதுவரை நினைத்திருப்பார். தடம் நம்மை மட்டும் காட்டுவதில்லை. நம்முடன் வாழ்பவரையும் காட்டுகிறது.

நியூயார்க் நகரக் காவல்துறை 2001க்குப் பின் முஸ்லிம்கள் கூடும் பள்ளிவாசல்கள், உணவகங்கள், கடைகள் பற்றிக் குறிப்பெடுக்கத் தனிப் பிரிவே வைத்திருந்தது. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதனை வெளிப்படுத்தியது. ஆறாண்டுக் காலப் பணியில் ஒரு பயங்கரவாத விசாரணைக்கேனும் அப்பிரிவால் துப்புக் கிடைக்கவில்லை என அக்காவல்துறையின் உயர் அலுவலர் ஒருவரே 2012இல் வாக்குமூலம் தந்தார். 2014இல் அப்பிரிவு கலைக்கப்பட்டது. அன்று அதற்கு ஆள் வைத்துத் தேநீர்க் கடையில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. இன்று தேநீர் குடிப்பவரின் சட்டைப்பையிலேயே ஆள் இருக்கிறது.

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என ஒதுக்கவேண்டா. 2017 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு செய்தி வெளியாயிற்று. கைபேசிக்குப் பணம் ஏற்றக் கடைக்கு வந்த இளம்பெண்களின் எண்களைக் கடைக்காரர் சிலர் எழுதி வைத்து, 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விலைக்கு விற்றனர். வாங்கியவர் அப்பெண்களை அழைத்துத் தொல்லை தந்தனர். விற்கப்பட்டது பேச்சன்று, படமன்று. பத்து இலக்க எண் மட்டுமே. இத்தகைய செய்தி வீட்டுக்கு எட்டியதும் நம்மவர் பலர் செய்வது என்ன? மகளின் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கின்றனர். கல்லூரியையே நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவரும் உண்டு. தடத்தை விற்றவன் கடையில் இருக்கிறான். நடந்தவள் வீட்டில் அடைபடுகிறாள். அந்தரங்கம் என்பது பெண்ணை மறைத்து வைப்பது என்று பொருள் கொண்டதால் நேரும் தவறு இது. அந்தரங்கம் அவளுக்குரிய உரிமை. பிறர் மீறக் கூடாத எல்லை. அஞ்சி அழைப்பை மறைத்து வைக்கும் மாணவியைவிட, "இந்த எண்ணிலிருந்து தொல்லை வருகிறது" என வீட்டில் சொல்ல முடிந்த மாணவியே காப்புடையவள். சொன்னால் கைபேசி பறிபோகும் என்றிருக்கும்வரை அவள் சொல்லமாட்டாள்.

இவ்வெல்லையை நம் மரபு அறியாததன்று. துருவித் துருவிப் பிறர் குறை ஆராய்தலை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டு வரும் நிகழ்ச்சி ஒன்றைப் பெரியவர்கள் அறிவார்கள். இரவில் மதீனத்துத் தெருவில் வலம் வந்தவர்கள், ஒரு வீட்டினுள் தகாத ஒலி கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றார்கள். மது முன்னிருக்க அமர்ந்திருந்தவன் அஞ்சிப் பணியவில்லை. "நான் செய்த தவறு ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று. துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, இசைவும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள்" என்றான். கலீஃபா அவர்கள் அவனைத் தண்டியாமல் திரும்பினார்கள். அவன் குற்றவாளி என்பதில் கதைக்கு ஐயமில்லை. குற்றவாளிக்கும் சுவர் உண்டு என்பதே கதை சொல்வது.

அரசன் கேட்ட கேள்வி

அப்படியாயின் அரசு யாரையுமே கண்காணிக்கக் கூடாதா, திருக்குறளே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் தந்துள்ளதே எனத் தமிழாசிரியர் ஒருவர் நம்மை மடக்கலாம். உண்மைதான். 59ஆம் அதிகாரம் அது. எல்லாரிடத்தும் நிகழ்வதை எந்நாளும் விரைந்தறிதல் வேந்தன் தொழில் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. ஆனால் ஒற்றன் யார் யாரை ஆராய வேண்டும் எனக் குறிப்பிடும் குறளில் வள்ளுவர் முதலில் வைப்பது அரசின் பணியாளரை. அடுத்து அரசனின் சொந்த உறவினரை. பகைவர் மூன்றாவதாகவே வருகின்றனர். ஒருவன் கொண்டுவந்த ஒற்றை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால்தான் தெளிய வேண்டும் என்றும் கட்டுப்பாடும் விதிக்கிறார். அதிகாரம் உள்ளவரை நோக்கிய கண் அது. இன்றைய கண்ணோ கீரை விற்பவரையும் விட்டுவைப்பதில்லை.

ஒட்டகக் கதையில் நாம் பெரிதும் மதிப்பது அரசவைக் காட்சியை. "எங்ஙனம் அறிந்தீர்?" என்று அரசன் கேட்கிறான். நால்வரும் ஒன்றொன்றாகக் காரணம் சொல்கின்றனர். வணிகன் எதிரிலேயே சொல்கின்றனர். தடம் பார்த்தவன் கணக்கு ஒப்புவிக்க வேண்டியிருந்தது. இன்று கடன் கேட்டு விண்ணப்பித்தவருக்கு இல்லை என்று விடை வரும். எத்தடத்தைப் பார்த்து மறுத்தனர் என்பது வாராது. கதையில் ஒட்டகம் தொலைந்த பிறகே தடம் தேடப்பட்டது என்பதும் கருதத்தக்கது. இன்று எந்த ஒட்டகமும் தொலையவில்லை. எல்லா ஒட்டகத்தின் தடமும் முன்கூட்டியே சேமிக்கப்படுகிறது.

நம் நாட்டில் 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தனர். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அரசு அவ்வுரிமையில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருத்தல் வேண்டும். நேரிய நோக்கம் இருத்தல் வேண்டும். தலையீடு தேவைக்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2023இல் தனியாள் தரவுக் காப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கே தருகிறது. வணிகனை அவைக்கு அழைக்கச் சட்டம் வந்துவிட்டது. அமைச்சரை அழைக்கும் வழி குறுகிவிட்டது என்றே நாம் படிக்கிறோம்.

எல்லா வாசலிலும் சுண்ணக்கோடு

செய்யத்தக்கது யாது என்பதற்கும் மர்ஜியானாவிடமே போகலாம். அலிபாபா வீட்டு வாசலில் திருடன் சுண்ணத்தால் ஓர் அடையாளம் இட்டுப் போகிறான். மர்ஜியானா அதைக் கண்டாள். பெரும்பாலோர் அதை அழித்திருப்பர். அவள் அழிக்கவில்லை, அண்டை அயல் வாசல்கள் எல்லாவற்றிலும் அதே அடையாளத்தை இட்டுவிட்டாள். இரவில் வந்த திருடர்க்கு எந்த வீடு எனத் தெரியவில்லை. மறைக்க வேண்டியவர் மட்டும் மறைத்தால், மறைப்பதே அடையாளமாகிவிடும்; எல்லாரும் ஒருசேர மறைத்தால் எவர்க்கும் அடையாளமில்லை. செய்தியைப் பூட்டி அனுப்பும் முறையை 2016இல் வாட்ஸ்அப் நிறுவனம் எல்லார்க்கும் பொதுவாக்கியது இவ்வகையில் நன்று. ஆனால் யார், யாருக்கு, எந்நேரம் என்னும் உறைக்குறிப்பு அதிலும் நிறுவனத்துக்குத் தெரியும். மர்ஜியானாவின் உத்தியும் இருமுறைதான் பலித்தது. மூன்றாம் முறை திருடர் தலைவன் தானே வந்து அடையாளம் எதுவும் இடாமல் வீட்டைக் கண்ணால் அளந்து போனான். ஆகவே உத்தி ஒன்றை நம்பி இருந்துவிடலாகாது. தேவையற்ற செயலிக்கு இருப்பிட இசைவைத் தாராதிருப்பதும், தெரியாத செயலியை நீக்குவதும் நல்லனவே. அவை சுண்ணக்கோடுகள், அவ்வளவே.

தமிழ்த் துறையார்க்கென நாம் முன்வைக்க விரும்புவது வேறொன்று. நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக நம் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் கதையும் திரட்டி வருகின்றனர். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'தகவலாளர் பட்டியல்' இடம்பெறுவது நெடுங்கால வழக்கம்: பெயர், வயது, சாதி, தொழில், ஊர், சில ஏடுகளில் புகைப்படம். ஏடு நூலக அலமாரியில் இருந்த காலத்தில் அதனைப் புரட்டியவர் பத்துப் பேர் இருக்கலாம். இன்று முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன; உலகின் எம்மூலையிலிருந்தும் தேடி எடுக்கலாம். கணவனை இழந்த துயரத்தைப் பாடலாகச் சொன்ன ஒரு மூதாட்டியின் பெயரும் சாதியும் ஊரும் அவ்வாறு அங்கே இருக்கின்றன. அவரிடம் பாடலைக் கேட்டோம். பட்டியலுக்கு இசைவு கேட்பது வழக்கத்தில் இல்லை. கதை நிகழ்த்துநரின் பெயரை அடியோடு அழித்துவிடுவதும் முறையன்று; பாடியவர்க்குப் பெயர் சேர வேண்டும் என்பது நம் துறையே போராடிப் பெற்ற கொள்கை. ஆதலின் வரும் பருவத்துக் களப்பணியிலிருந்து ஒரு பக்கப் படிவம் ஒன்றை மாணவர் எடுத்துச் செல்லலாம். பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தகவலாளரிடம் படித்துக் காட்டி, எது அச்சில் வரலாம், எது வேண்டா எனக் கேட்டுக் குறித்து வருதல் வேண்டும். பெயர் வேண்டா என்பவர்க்கு எண். பெயர் வரவேண்டும் என்பவர்க்குப் பெயர். சாதி கேட்கும் கட்டம் எந்த ஆய்வுக்குத் தேவையோ அதற்கு மட்டும் இருக்கலாம். கைபேசியில் எடுத்த படத்திலிருந்து இடக்குறிப்பை நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். கணினித் துறை மாணவர் ஒருவர் அதனை ஒரு பிற்பகலில் கற்றுத் தந்துவிடுவார்.